மூன்றாம் ஓலை

ராஜகுமாரி: ...காப்பியெல்லாம் வேண்டாம்ட்டி. நீ மொதல்ல அந்த ஸ்டூல்ல உக்காரு. நின்னுக்கிட்டே கேக்குத பேச்சு இல்ல இது.

விஜிதா: கடையில நான் உக்காந்தா அப்பாவுக்குப் பிடிக்காது அத்தை. நாம உக்காந்தா யாவாரமும் உக்காந்துரும்பாவ.

ராஜகுமாரி: அண்ணாச்சி எங்க?

விஜிதா: பாத்திரம் எடுக்க மதுரைக்குப் போயிருக்காவ. வர சாயங்காலம் ஆகும்.

ராஜகுமாரி: நல்லதாப் போச்சு.

விஜிதா: ஏன் அத்தை... ஆஸ்பத்திரியில ஏதும்...

ராஜகுமாரி: ஒண்ணுமில்ல. பயப்படாத. ஒங்க ஆளு ராஜேசு நல்லாத்தான் இருக்கான். காலையில ரெண்டு இட்லி தின்னான். சட்னியில உப்பு இல்லன்னு கேண்டீன்காரன ஏசுனான். அவன் திருப்பி ஏச, இவன் சிரிக்க... பக்கத்துக் கட்டில்காரன் முழிச்சிட்டான்.

விஜிதா: ஏசுனாவளா? அப்பம் தேறிட்டாவன்னு அர்த்தம்.

ராஜகுமாரி: வாய்க்கு ஒரு கொறையும் இல்ல. வாயும் கையும் கல்லு மாதிரி இருக்கு. இடுப்புக்குக் கீழதான்...

விஜிதா: தெரியும் அத்தை.

ராஜகுமாரி: தெரியும் தெரியும்னு சொல்லாத. நேத்து பெரிய டாக்டரு வந்தாரு. என்னிய மட்டும் தனியாக் கூப்பிட்டு, படத்தைப் போட்டுக் காட்டுனாரு. முதுகெலும்புக்குள்ள நரம்பு அத்துப் போச்சாம். ஒட்ட வைக்க வழியில்லியாம். இனிமே சக்கர நாற்காலிதாம்மான்னு சொல்லிட்டாரு.

விஜிதா: அவுங்க சொல்லுதத சொல்லட்டும். கடைசி வார்த்தை கர்த்தரோடதுதான்.

ராஜகுமாரி: ஏட்டி... அது பெண்கள் ஐக்கிய சங்கத்துல நான் சொல்லுத பேச்சு. எங்கிட்டயே திருப்பி விக்கப் பாக்க.

விஜிதா: நெசமாத்தான் சொல்லுதேன்.

ராஜகுமாரி: செரி. ஏன் அவன் போன எடுக்கல? முந்தாநாள்ல இருந்து அடிக்கானாம்.

விஜிதா: அது... சார்ஜ் நிக்க மாட்டேங்கு. பழைய போனு.

ராஜகுமாரி: ம்.

விஜிதா: இன்னிக்குக் கண்டிப்பாப் பேசுதேன்.

ராஜகுமாரி: நான் எதுக்கு வந்தேன்னு சொல்லிருதேன் விஜி. சுத்தி வளைச்சா எனக்கு அழுகை வந்துரும். நாளைக்கிக் கோயில்ல ஒங்க கல்யாணத்துக்கு மூணாம் ஓலை வாசிச்சு, தடை உண்டான்னு கேட்டா... நீ எந்திரிச்சு நின்னு, இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிரு.

விஜிதா: அத்தை.

ராஜகுமாரி: சொல்லி முடிச்சிருதேன், இரு. நாங்க மாப்பிள வீட்டுக்காரங்க நிறுத்துனா ஊரு என்ன பேசும்? ஓலை வாசிச்ச வாரமே மாப்பிள்ளைய பைக்குல இருந்து விழத் தள்ளுன ராசிக்காரி, அதான் வேண்டாம்னுட்டாங்கன்னு பேசும். ஒனக்கு அப்புறம் ஒரு எடம் அமையாது. நீ நிறுத்துனா, புத்தியுள்ள பிள்ளைன்னு போயிருவாங்க. ரெண்டு நாளு பேசுவாங்க, மூணாவது நாளு கோயில் அசன விருந்துக்கு அரிசி யாரு குடுக்கான்னு பேச ஆரம்பிச்சிருவாங்க.

விஜிதா: நான் மாட்டேன்.

ராஜகுமாரி: யோசிச்சுச் சொல்லு.

விஜிதா: யோசிக்க என்ன இருக்கு? போன ஞாயித்துக்கிழம நான் சொன்னத ஊரே கேட்டிச்சு.

ராஜகுமாரி: கேட்டிச்சு... நானுந்தான் கேட்டேன். ரெண்டாம் ஓலை வாசிக்கப் போறப்ப பாஸ்டரையா ஓலையக் கையில வச்சிக்கிட்டு நிக்காரு. வாசிக்கவா வேண்டாமான்னு என் மூஞ்சியப் பாக்காரு. நீ பொம்பளைங்க பக்கத்துல இருந்து எந்திரிச்ச. எனக்கு உசுரு போயி வந்திச்சு, தடை சொல்லத்தான் எந்திரிக்கியோன்னு. நீ என்னடான்னா, வாசிங்கையா, எங்க தேவன் அவரை எழுப்புவாருன்னு சொல்லுத.

விஜிதா: ஆமா.

ராஜகுமாரி: கோயிலே அழுதிச்சு. பாட்டுக்காரப் பையன் கூட பெட்டிய வாசிக்காம மூஞ்சியத் தொடச்சிக்கிட்டு இருந்தான்.

விஜிதா: அப்புறம் எப்படி அத்தை நான் நாளைக்கி அதே எடத்துல எந்திரிச்சு வேண்டாம்னு சொல்லுவேன்? நம்ம கோயில்ல தடைன்னு இதுவரைக்கும் யாரு எந்திரிச்சிருக்கா?

ராஜகுமாரி: ஏன், வேற ஒரு பொண்ணு ஓலையப்ப ஒங்க பெரியப்பா எந்திரிக்கலியா?

விஜிதா: அவிய தூங்கிட்டு இருந்தாவ. பாட்டு ஆரம்பிச்சிட்டுன்னு நெனச்சு எந்திரிச்சிட்டாவ.

ராஜகுமாரி: எந்திரிச்சதோட விட்டாரா. ஞானப்பாட்டைத் தேடுதேன்னு கண்ணாடியத் தேடிக்கிட்டு நிக்காரு. அங்கன பொண்ணோட அம்மா மயங்கி விழுந்துட்டா. என்ன தடை, சொல்லுங்கன்னு பாஸ்டரையா கேக்க, எத்தனாவது பாட்டுன்னு இவரு கேக்காரு.

விஜிதா: சிரிக்க வைக்காதிய அத்தை.

ராஜகுமாரி: சிரியேன். ஒன் மூஞ்சி எப்படி இருந்த மூஞ்சி. எலும்பாத் தெரியுது.

வள்ளித்தாய்: ஏம்மா... கடையில ஆளு இருக்கா இல்லியா? வாசல்ல நின்னு எவ்வளவு நேரமாக் கூப்பிடுதேன். ரெண்டு பேரும் சிரிச்சிக்கிட்டு இருக்கீங்க.

விஜிதா: வாங்கம்மா. என்ன வேணும்?

வள்ளித்தாய்: கரிவலத்துல இருந்து வாரேன். வள்ளித்தாய்னு பேரு. எம் மக சுமதிக்கு அடுத்த வாரம் கல்யாணம். சீருக்கு வெண்கலப் பானை ஒண்ணு வேணும். காலையில போன் போட்டேன், ஒங்கப்பா எடுத்து வச்சிருக்கேன்னாரு.

விஜிதா: இந்த வரிசையில பாருங்க. சின்னது, நடு சைசு...

வள்ளித்தாய்: இதுல்லம்மா. மேல் தட்டுல தனியா ஒண்ணு இருக்கு, கழுத்துல கொடி போட்டது, அது புதுசா விலைக்கு வந்திருக்கு, வந்து எடுத்துக்கோன்னாரு. அந்தா... அதான்.

விஜிதா: அது விக்கது இல்லம்மா.

வள்ளித்தாய்: ஒங்கப்பாதானே சொன்னாரு.

விஜிதா: அப்பா மறந்து சொல்லியிருப்பாவ. அது... அது எனக்கு எடுத்து வச்சது.

வள்ளித்தாய்: ஒனக்கா? ஓ... நீயும் கல்யாணப் பொண்ணா? அதான் மூஞ்சி இப்படிக் கெறங்கிக் கெடக்கு. எம் மகளும் இப்படித்தான் சோறு எறங்காம அலையுதா. எப்பம்மா ஒனக்கு?

விஜிதா: நாளைக்கி மூணாம் ஓலை.

வள்ளித்தாய்: அது என்ன ஓலை?

ராஜகுமாரி: நாங்க கிறிஸ்தவங்கம்மா. எங்கள்ல கல்யாணம் வச்சா, அதுக்கு முந்தி மூணு ஞாயித்துக்கிழம கோயில்ல எல்லாரு முன்னாலயும் பேரைச் சொல்லி வாசிப்பாங்க. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிஞ்சா இப்பமே சொல்லுங்கன்னு. அந்தக் காலத்துல ஓலையில எழுதி வாசிச்சாங்க. இப்பம் தாள்தான். பேரு மட்டும் ஓலை.

வள்ளித்தாய்: கூட்டத்துல வச்சா கேப்பாங்க? அடியாத்தி. எங்கள்ல அப்படிக் கேட்டா ஒரு கல்யாணமும் நடக்காதும்மா. எங்க மச்சினன் ஒருத்தன் போதும். பந்தியில அப்பளம் வைக்கலன்னே மூணு தடவ தடை சொல்லுவான்.

ராஜகுமாரி: எங்கள்லயும் அப்பளம் உண்டும்மா. கேக்கதுக்குத்தான் யாரும் எந்திரிக்க மாட்டாங்க.

வள்ளித்தாய்: நீங்க பொண்ணுக்கு அம்மாவா?

ராஜகுமாரி: மாப்பிளைக்கு.

வள்ளித்தாய்: பாருங்களேன். மாமியாரும் மருமகளும் கல்யாணத்துக்கு முந்தியே ஒண்ணா உக்காந்து சிரிக்கீங்க. குடுத்து வச்சவங்கம்மா. எம் மகளுக்கு வாய்ச்சது வாயத் தொறந்தா தேளு. செரி, அப்பம் அந்தப் பானை இல்லியா?

விஜிதா: இல்லம்மா. வேற...

ராஜகுமாரி: குடுத்துரு மக்கா.

விஜிதா: அத்தை?

ராஜகுமாரி: கடையில இருக்குத பானை விக்கத்தானே. ஆசைப்பட்டு கரிவலத்துல இருந்து வந்திருக்காங்க. எடுத்துக் குடு.

விஜிதா: அது நம்ம வீட்டுக்குன்னு...

ராஜகுமாரி: பானைதானட்டி. எறக்கு.

வள்ளித்தாய்: நல்ல மனசும்மா ஒங்களுக்கு. பேரு இன்னும் வெட்டல பாத்தியா, எனக்குன்னே இருந்திருக்கு. சுமதி வேல்ராஜ்னு வெட்டிரு. பொண்ணு பேரு மொதல்ல. நான் பூ மார்க்கெட்டு வரைக்கும் போயி மாலைக்குச் சொல்லிட்டு வந்துருதேன். வாரேன்.

ராஜகுமாரி: போயிட்டு வாங்க.

விஜிதா: நெசமாவே வெட்டவா அத்தை?

ராஜகுமாரி: வெட்டு. வந்துருவாங்க.

விஜிதா: அத்தை, அப்பா... அப்பாவுக்கு இப்பம்லாம் மறதி. எதை விக்க எதை வைக்கன்னு தெரியல. பழைய சரக்குன்னு நெனச்சிருப்பாவ.

ராஜகுமாரி: நான் ஒண்ணும் கேக்கலியே.

விஜிதா: இல்ல, நீங்க தப்பா நெனச்சிரக் கூடாதுல்லா.

ராஜகுமாரி: நெனைக்கல. மெசினப் போடு.

விஜிதா: சத்தமா இருக்கும். பேச முடியாது.

ராஜகுமாரி: நீ வெட்டு, நான் பேசுதேன். இந்தச் சத்தத்துக்குள்ள பேசத்தான் எனக்கும் தோது. ஒன் கண்ணப் பாத்து இதெல்லாம் சொல்ல முடியாது... விஜி, அவனுக்குத் தானா ஒண்ணுக்குப் போகத் தெரியாது. குழாய் போட்டுப் பை மாட்டியிருக்கு. ரெண்டு மணிக்கொரு தடவ பொரட்டிப் போடணும், இல்லன்னா முதுகு புண்ணாயிரும். பிள்ளை குட்டி... டாக்டரு அதையுஞ் சொன்னாரு. ஒறப்பாச் சொல்ல முடியாதுன்னாரு. கேக்குதா?

விஜிதா: கேக்கு.

ராஜகுமாரி: புளியங்குடியில எலுமிச்சங்கா கமிஷன் கடைய இனி அவன் பாக்க முடியாது. விடியக்காலம் ஏலத்துல நின்னு மூட்டைய உருட்டுத தொழில் அது. இப்பமே பங்காளி சாவிய வாங்கிட்டான். ஒனக்கு முப்பது வயசு கூட ஆகல. காலம்பூரா ஒரு கட்டிலச் சுத்தி...

விஜிதா: கர்த்தர் பலன் தருவாரு.

ராஜகுமாரி: தராமப் போனா?

விஜிதா: நீங்களா இப்படிக் கேக்கிய?

ராஜகுமாரி: நாந்தான் கேக்கேன். அவன் அப்பாவுக்கு மஞ்சக்காமாலை வந்து கெடந்தாரு. ராஜேசு அப்பம் பால்வாடிக்குப் போறான். எங்க நாத்தனாரு எந்தெந்தச் சாமிக்கோ நேர்ந்துக்கோன்னா. நான் மாட்டேன்னேன். உபவாசம் இருந்தேன். எழும்புவாருன்னு எல்லாருகிட்டயும் சொன்னேன். எழும்புவாருன்னு சொல்லிச் சொல்லியே... அவருகிட்ட ஒரு வார்த்தை, போறதுன்னா பயப்படாமப் போங்கன்னு சொல்லாம விட்டுட்டேன். சொன்னா விசுவாசம் கொறஞ்சிருமோன்னு. அவரு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே போனாரு.

விஜிதா: இதெல்லாம் நீங்க சொன்னதே இல்லியே.

ராஜகுமாரி: கோயில்ல சாட்சி சொல்ல நின்னா ஜெயிச்சதத்தானட்டி சொல்லுதோம். நாத்தனாரு கேட்டா, ஒங்க ஏசப்பா என்ன செஞ்சாருன்னு. பதில் தெரியல. இன்னிக்கு வரைக்கும் தெரியல. அடுத்த ஞாயித்துக்கிழம பிள்ளையத் தூக்கிக்கிட்டு கோயிலுக்குப் போனேன். வேற எங்க போக? அழுதாலும் அவருகிட்டத்தான் அழணும், சண்டை போட்டாலும் அவருகிட்டத்தான் போடணும். நான் சொல்லுத விசுவாசம் இவ்வளவுதான்.

விஜிதா: இப்பம் என்ன ஜெபிக்கிய?

ராஜகுமாரி: காலையில, அவன நடக்க வையும்னு கேக்கேன். வெக்கப்படாமக் கேக்கேன், கேக்கதுக்கு என்ன. மத்தியானம் வெயிலேறுனா மனசு எறங்கிருது. அப்பம், நடக்காட்டியும் அவன் மனசு உக்காந்துராமப் பாத்துக்கிடும்னு கேக்கேன். சாயங்காலம் ஒண்ணும் கேக்க வராது. சும்மா அவரு பக்கத்துல உக்காந்திருப்பேன். ஏன் மெசின நிறுத்திட்ட?

விஜிதா: சும்மா. கை வலிக்கு.

ராஜகுமாரி: ஒண்ணு சொல்லணும் ஒங்கிட்ட. போன ஞாயித்துக்கிழம நீ அப்படிச் சொன்னதும், நான் ஓடி வந்து ஒன்னியக் கட்டிப் பிடிச்சு, இவ எனக்குக் கெடச்ச அற்புதம்னு எல்லாரு முன்னாலயும் சொன்னேன்லா. அதச் சொல்லியிருக்கக் கூடாது. நீ சொன்னது ஒரு நேரத்துல வந்த வார்த்தை. நல்ல வார்த்தைதான். ஆனா நான் அத எடுத்து ஒன் கழுத்துல கட்டிட்டேன். அப்புறம் ஆளாளுக்கு வந்து ஒன் கையப் பிடிச்சு, விசுவாச வீராங்கனைன்னு...

விஜிதா: வாசுதேவநல்லூர்ல இருந்து ஒருத்தவ என்னியப் பாக்கதுக்குன்னே பஸ் ஏறி வந்தாவ அத்தை. அவிய மக தலையில கையி வச்சு ஜெபிக்கச் சொன்னாவ.

ராஜகுமாரி: நீ என்ன செஞ்ச?

விஜிதா: ஜெபிச்சேன். என்ன செய்ய.

ராஜகுமாரி: பாவம்ட்டி நீ.

விஜிதா: பாவம்லாம் இல்ல. நான் தெடமாத்தான் இருக்கேன். நாளைக்கி ஓலை வாசிக்கட்டும். நான் முன்னால பெஞ்சுல உக்காந்திருப்பேன்.

ராஜகுமாரி: செரி.

விஜிதா: நீங்க இப்பம் எங்க போவிய? பாஸ்டரையா வீட்டுக்குப் போவியளா?

ராஜகுமாரி: ஏன்?

விஜிதா: போகாண்டாம் அத்தை. அவிய இன்னிக்கு பிசி. வீட்டுல விருந்தாளி.

ராஜகுமாரி: இனிமே போகல.

விஜிதா: ராஜேசுகிட்ட... அவியகிட்ட இதெல்லாம் பேசுனியளா? என்கிட்ட இப்படிக் கேக்கப் போறேன்னு.

ராஜகுமாரி: சொன்னா விடுவானா. நர்சு ஊசி போட வந்தா அவகிட்ட ஒன் கதைதான். தரை தொடைக்க வாரவங்க வரைக்கும் சொல்லியாச்சு. எங்க வீட்டுக்காரி கோயில்ல எந்திரிச்சு என்ன சொன்னா தெரியுமான்னு ஆரம்பிப்பான். இன்னும் கட்டலடான்னு நான் சொன்னா, மூணாம் ஓலையோட பாதி கட்டுன மாதிரிதாம்மாங்கான்.

விஜிதா: அப்படியா சொன்னாவ?

ராஜகுமாரி: நாளைக்கி வாசிச்ச ஒடனே போன் போடணுமாம். ஆமென் சத்தம் அவனுக்குக் கேக்கணுமாம்.

விஜிதா: அத்தை, போதும்.

ராஜகுமாரி: இல்ல, இதையுஞ் சொல்லணும்னுதான்... நீ பாட்டுக்கு வெட்டு. கரிவலத்தம்மா வந்துருவாங்க.

விஜிதா: வெட்டிட்டுத்தான் இருக்கேன். பாதி முடிஞ்சிட்டு.

ராஜகுமாரி: எங்க, காட்டு. கண்ணாடி இல்லாம எனக்கு... சுமதி. ம், எழுத்து அழகாத்தான் இருக்கு. இது என்ன... சுமதி, ரா... வேல் எங்கட்டி?

விஜிதா: என்ன?

ராஜகுமாரி: மாப்பிள பேரு வேல்ராஜுல்லா. நீ ரான்னு ஆரம்பிச்சு ஜேக்குக் கொம்பு இழுத்து வச்சிருக்க.

விஜிதா: கையி தானா... இந்தப் பானைய எடுத்து வச்ச நாள்ல இருந்து, எங்கன வெட்டணும், எவ்வளவு பெருசா வெட்டணும்னு பாத்துப் பாத்து... கையி தானா எழுதிட்டு.

ராஜகுமாரி: அழாத. அழாதட்டி. பாழாப் போகல. சுமதிக்கும் ராவுக்கும் நடுவுல எடம் கெடக்கு பாரு. அதுல பொடி எழுத்தா வேல்னு போட்டுரு. அந்தக் கொம்பை ஒரு பூவாக்கிரு. அதுக்கு அங்கிட்டு ஜ் போட்டு முடிச்சிரு. வேல்ராஜுன்னு ஆயிரும். சீருல பூப்போட்ட பானைன்னு அவங்க சந்தோசமாத்தான் வாங்கிட்டுப் போவாங்க.

விஜிதா: நீங்க ஏன் அத்தை இப்படி இருக்கிய?

ராஜகுமாரி: எப்படி?

விஜிதா: ஏசிருங்க. ஒரு தடவ ஏசிருங்க என்னிய.

ராஜகுமாரி: எதுக்கு ஏச? பேரு மாத்தி வெட்டுனதுக்கா? இன்னொரு தடவ கேக்கேன் மக்கா. நான் ஒன் கையப் பிடிச்சுக் கேட்டேன்னே இருக்கட்டும். ராஜகுமாரி அத்தை வந்தா, அழுதா, என் பிள்ளைக்காக ஒன் வாழ்க்கைய நான் எடுக்க மாட்டேன்னா... ஒனக்குப் பழி இல்ல. வேண்டாம்னு சொல்லிரு.

விஜிதா: மாட்டேன்.

ராஜகுமாரி: கடைசியாக் கேக்கேன்.

விஜிதா: மாட்டேன் அத்தை. என்னால அப்படிச் சொல்ல முடியாது. ஒங்க மூஞ்சியப் பாத்து முடியாது.

ராஜகுமாரி: செரி. அப்பம் நான் கெளம்புதேன். ரெண்டு மணி பஸ்ஸப் பிடிச்சா, அவனப் பொரட்டிப் போடுத நேரத்துக்குப் போயிரலாம். தண்ணி இருந்தா ஒரு மடக்கு குடு.

விஜிதா: அத்தை... போகாதிய.

ராஜகுமாரி: சொல்லு.

விஜிதா: நாளைக்கி ஓலை வாசிக்க மாட்டாவ. இன்னிக்குக் காலையில பாஸ்டரையா வீட்டுக்குப் போனேன். அப்பா கூட வந்தாவ, ஆனா வாசல்லயே நின்னுட்டாவ. நாந்தான் உள்ள போயிச் சொன்னேன், நிறுத்திருங்கன்னு. அப்பா மேல பழி போடக் கூடாது, நாந்தான். அந்த ஒரு தடவ ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப, அவிய போர்வைய சரி பண்ணச் சொன்னாவ. காலத் தொட்டேன். நான் தொட்டது அவியளுக்குத் தெரியல, சிரிச்சிக்கிட்டே வேற என்னத்தையோ பேசுதாவ. அப்பமே எனக்குப் பயம் வந்திட்டு. அதுக்கு அப்புறந்தான் கோயில்ல எந்திரிச்சு அப்படிச் சொன்னேன். சத்தமாச் சொன்னா பயம் போயிரும்னு நெனச்சேன். போகல. பலன் தாரும், பலன் தாரும்னு கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்... எனக்கு வரல அத்தை. இப்பம் ஒங்ககிட்ட விசுவாசம் பேசுனது பூராப் பொய்யி. மாட்டேன் மாட்டேன்னு சொன்னேன்லா, அந்த வேலைய முடிச்சிட்டு வந்து உக்காந்துதான் சொன்னேன்.

ராஜகுமாரி: தெரியும் மக்கா.

விஜிதா: என்ன தெரியும்?

ராஜகுமாரி: காலையிலயே பாஸ்டரையா எனக்குப் போன் போட்டாரு. பஸ்ஸ விட்டு எறங்கி, அவரு வீட்டுல உக்காந்து ரெண்டு பேரும் ஜெபம் பண்ணிட்டு, நேரா இங்கனதான் வாரேன்.

விஜிதா: தெரிஞ்சுமா... தெரிஞ்சுமா இவ்வளவு நேரம் எங்கிட்டக் கெஞ்சுனிய? முடிஞ்சு போனத எதுக்கு அத்தை வந்து கேட்டிய?

ராஜகுமாரி: நீயே நிறுத்திட்டன்னு தெரிஞ்சா அவன் ஒடஞ்சிருவான்ட்டி, அப்புறம் சாமியும் வேண்டாம்னுருவான். அதனால, அம்மாதான் போயி வேண்டாம்னு சொல்லச் சொன்னேன், எத்தனையோ தடவ கேட்டேன், அவ கடைசி வரைக்கும் மாட்டேன்னுதாம்ல சொன்னான்னு அவன்கிட்டச் சொல்லணும். அம்மாதான் நிறுத்திட்டான்னு நெனச்சு ரெண்டு மாசமோ ரெண்டு வருசமோ எங்கூடப் பேசாமக் கெடக்கட்டும், நான் பக்கத்துலதான் இருப்பேன். ஆனா எனக்குப் பொய் சொல்ல வராது மக்கா, பாதியில நாக்கு கொழறிரும். அதான் வந்து கேட்டேன். நீயும் மாட்டேன்னு சொல்லிட்ட. இப்பம் அது பொய் இல்ல பாரு.